நான்காம் நாள் ஊசி

ஜூலை 6, ஞாயிறு

காலை 11.42-க்குப் பெனிட்டா அக்கா சேனல் நான்கு லட்சம் சப்ஸ்கிரைபரைத் தொட்டது. எண் மாறிய நொடியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரசிகர் குழுவில் போட்டேன். எனக்கு முன்னால் யாரும் போடவில்லை. குழுவில் 1,900 பேர். அட்மின் நான்கு பேர். நான் ஒருத்தி.

இந்த நோட்டு அக்கா சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். "நீங்க போடுற ஒவ்வொரு ஊசியையும் தேதி போட்டு எழுதி வைங்க" என்று லைவில் சொன்னார். நான் மனுஷருக்குப் போட்டது இதுவரை ஒன்றுதான். ஆனாலும் நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் என்னைப் பற்றி.

பெயர் யோகலட்சுமி. வயது 19. சத்திரப்பட்டி முக்கில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறேன். நர்சிங் படிக்கவில்லை. அடுத்த வருஷம் சேர்த்துவிடுகிறேன் என்று அம்மா சொல்கிறாள். போன வருஷமும் அதைத்தான் சொன்னாள். எனக்குத் தெரிந்தது எல்லாம் 'ஒரு சிரிஞ்சு நேரம்' சேனலில் அக்கா சொல்லிக்கொடுத்தது. மொத்தம் 212 வீடியோ. அக்கா மாஸ்க் போட்டுக்கொண்டுதான் பேசுவார். எந்த ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் என்று யாருக்கும் தெரியாது. குழுவில் அதைக் கேட்டால் நீக்கிவிடுவோம்.

பழகியது: சாத்துக்குடி அறுபதுக்கு மேல். பிறகு மெத்தைப் பஞ்சு. போன மாதம் தறியில் கை கிழித்துக்கொண்ட அம்மாவுக்கு டி.டி. ஊசி. "போட்டியா இல்லியாடி" என்று கேட்டாள். போட்டு முடித்திருந்தேன்.

ஜூலை 7, திங்கள்

பக்கத்து வீட்டு மாரீஸ்வரி அக்கா கடைக்கு வந்தது. அது பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் தறி ஓட்டுகிறது. வீட்டுக்காரர் காளிராஜ் அண்ணன் லாரியில் வடக்கே போயிருக்கிறார். ஒரே பிள்ளை லித்திகா, இன்னும் இரண்டு மாதத்தில் ஐந்து வயது. நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல். கிளினிக் டாக்டர் ஐந்து நாள் ஊசி எழுதியிருக்கிறார். நேற்றும் இன்றும் அங்கேயே போட்டுவிட்டார்கள், தொடையில்.

"ஏ யோகா, ஒங்கம்மாவுக்கு நீதான் ஊசி போட்டியாமில்ல. வலிக்கவே இல்லைன்னு தெரு பூராம் சொல்லிக்கிட்டுத் திரியுது."

"ஆமாக்கா."

"இன்னும் மூணு நாளு இருக்கு. டோக்கன் போட்டு உக்காந்தா ரெண்டு மணி நேரம். லேட்டாப் போனா கம்பெனிக்காரன் என் தறிய வேற ஆளுக்குக் குடுத்துருவான். ஆஸ்பத்திரிக்குப் போற துணியத்தான் நெய்யிறோம், ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்ல. நீயே போட்டுரேன்."

சீட்டைப் பார்த்தேன். மருந்து கடையில் இருந்தது. பவுடர், கலக்கும் தண்ணீர், சிரிஞ்சு, எல்லாம் எடுத்துக் கொடுத்தேன்.

"தொடை ரெண்டும் கட்டிப் போயிருக்கு. தொட்டா அலறுறா. இடுப்புலயே போடு."

சரி என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது. சந்தோஷத்தில்தான்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாம் நாள் ஊசி. நான் போட்டதில் இது இரண்டாவது. குழந்தைக்கு முதல்.

லித்திகா அவள் அம்மா மடியில் குப்புறப் படுத்திருந்தாள். ஜட்டியை முழுசாக இறக்கி, பிட்டத்தை நாலாகப் பிரித்து, மேலே வெளிப்பக்கம். இடது பக்கம். தொண்ணூறு டிகிரி. சிரிஞ்சின் பிஸ்டனை இழுத்துப் பார்த்தேன், ரத்தம் இல்லை. மெதுவாக அழுத்தினேன். எடுத்தேன். நாலு நொடி அழுதாள். பிறகு என்னிடமே காலி பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"பாத்தியாடி, யோகாக்கா கை எப்பிடின்னு" என்றது மாரீஸ்வரி அக்கா.

குழுவில் பெயர் சொல்லாமல் எழுதினேன். 84 ஹார்ட்.

ஜூலை 9, புதன்

நான்காம் நாள் ஊசி. வலது பக்கம். தூங்கிக்கொண்டிருந்தாள். போட்டேன். அழுதாள்.

பெனிட்டா அக்கா லைவ் வந்தார். நாலு லட்சத்துக்கு நன்றி சொல்லி கேக் வெட்டினார். மாஸ்க்கைக் கழற்றாமல் ஒரு துண்டை மாஸ்க்குக்குள் தள்ளிச் சாப்பிட்டார். குழுவே சிரித்தது. 'அட்மின்ஸ் யோகலட்சுமி, ஜெபா, அஸ்லம், நித்யா எல்லாருக்கும் என் அன்பு' என்றார். என் பெயர் முதலில். அதை வெட்டி ஸ்டேட்டஸ் வைத்தேன். மொத்தம் 41 நிமிடம் லைவ். மாடரேஷன் நான்தான் பார்த்தேன். ஏழு பேரை நீக்கினேன்.

பக்கத்து வீட்டில் அழுகை இன்னும் நிற்கவில்லை. அம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறாள்.

ஜூலை 10, வியாழன்

ஐந்தாம் நாள் ஊசி போடவில்லை. நான் போனபோது லித்திகா கட்டிலுக்கு அடியில் இருந்தாள்.

"இன்னைக்கு வேணாம்டி. காய்ச்சல்தான் இல்லியே" என்றது மாரீஸ்வரி அக்கா. பிறகு, "காலு மரத்துப் போச்சு போல. வெளிய வாடி, அக்காவுக்கு நடந்து காட்டு" என்றது.

வெளியே வரவில்லை. இழுத்து நிறுத்தியதும் சுவர் ஓரமாகவே போனாள். வலது பாதம் தரையில் தட்டையாக விழுந்தது. செருப்பு போடாமலே செருப்புச் சத்தம்.

"வலியில அப்படி நடக்குறா" என்றேன். "ரெண்டு நாள்ல சரியாயிரும்."

ஜூலை 11, வெள்ளி

கடைக்கு ஸ்டாக் வந்தது. தெர்மாமீட்டர் பன்னிரண்டு, ஓ.ஆர்.எஸ். இரண்டு பெட்டி. அடுக்கினேன்.

லித்திகா பள்ளிக்கூடம் போகவில்லை.

ஜூலை 12, சனி

எங்கள் பகுதி கிராம சுகாதார நர்ஸ் ரெஜினா சிஸ்டர் ஸ்கூட்டியில் வந்தார். பிள்ளை வரவில்லையே என்று வீட்டுக்கு வந்து பார்த்த பாலர் பள்ளி டீச்சர் போன் செய்திருக்கிறார், ஒரு பிள்ளை காலை இழுக்கிறது என்று. பதினைந்து வயதுக்குள் யாருக்குத் திடீரென்று கை, கால் பலம் குறைந்தாலும் காரணம் என்னவாக இருந்தாலும் மேலே சொல்லியாக வேண்டுமாம். மலம் எடுத்து இரண்டு தடவை அனுப்புவார்கள். போலியோவா என்று பார்க்க.

போலியோ என்ற சொல் சிஸ்டர் வாயிலிருந்து வெளியே வந்து தெருமுனைக்குப் போக ஐந்து நிமிடம் ஆனது. எதிர்வீட்டில் பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

சிஸ்டர் லித்திகாவிடம் கேட்டார்: "பாப்பா, கால் எப்பிடி ஆச்சு? விழுந்தியா?"

"யோகாக்கா ஊசி" என்றாள் லித்திகா.

சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

மாரீஸ்வரி அக்கா சிரித்தது. "இவ மெடிக்கல்ல வேலை பாக்காள்ல சிஸ்டர். அடம் பிடிச்சா யோகாக்காகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்னு மெரட்டுவேன். அதச் சொல்லுது."

அந்தப் பதிலை அது எப்போது யோசித்து வைத்தது என்று தெரியவில்லை. வேகமாக வந்தது.

மதுரைக்கு ஆம்புலன்ஸ் சொன்னார்கள். காளிராஜ் அண்ணன் நாக்பூர் தாண்டியிருக்கிறார், வர மூன்று நாள் ஆகும். மாரீஸ்வரி அக்கா ஏறும்போது என் மணிக்கட்டைப் பிடித்தது. "நீயும் வா. மருந்து, சீட்டு எல்லாம் ஒனக்குத்தான் வெளங்கும்." நான் ஏறினேன். வழியெல்லாம் லித்திகா என்னைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கண்ணைக் கூட மூடவில்லை. அம்மா தட்டிக் கொடுத்தும் தூங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வார்டில் டாக்டர் நஸ்ரின் என்று ஒருவர் பார்க்கிறார். வேகமாகப் பேசுவார், மெதுவாகத் தொடுவார். முட்டியில் தட்டினார், கால் எம்பியது. குதிகாலுக்கு மேல் தட்டினார், ஒன்றும் இல்லை. "பாதத்தக் கீழ அழுத்து பாப்பா." கொஞ்சம் அழுத்தினாள். "மேல தூக்கு." பாதம் அப்படியே கிடந்தது. லித்திகா முகத்தைச் சுளித்து முழு பலத்தையும் போட்டாள். பாதத்துக்குப் பதிலாகப் புருவம்தான் ஏறியது.

டாக்டரிடம் நாலு பக்கப் படிவம் இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சல் எப்போது, சொட்டு மருந்து எத்தனை தடவை, வெளியூர் போனீர்களா.

"போன ஒரு மாசத்துல ஊசி எதாவது?"

"கிளினிக்ல ரெண்டு போட்டாக டாக்டர்" என்றது மாரீஸ்வரி அக்கா.

"எங்க?"

"தொடையில. இது ஒண்ணு, இது ஒண்ணு."

"இடுப்புல போடலயே?"

"இல்ல டாக்டர்."

"நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்கம்மா. முக்கியம்."

"தொடையிலதான் டாக்டர். நாந்தான காலப் பிடிச்சிக்கிட்டேன்."

டாக்டர் எழுதினார். நான் ட்ரிப் ஸ்டாண்டின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சக்கரம் ஒரே திசையில், ஒன்று மட்டும் வேறு பக்கம்.

மத்தியானம் கேன்டீன் வாசலில் உட்கார்ந்து பெனிட்டா அக்காவின் வீடியோக்களை முதலில் இருந்து தேடினேன். எண் 34. 'குழந்தைகளுக்குத் தசையில் ஊசி: செய்யக் கூடாதவை.' 22 நிமிடம். அதன் கீழே முதல் கமெண்ட் என்னுடையது. 'அக்கா மாஸ் அக்கா, ஃபர்ஸ்ட்.' வீடியோ வந்து பதினோரு நொடியில் போட்டிருக்கிறேன். 312 லைக்.

அந்த வீடியோவை நான் பார்த்ததே இல்லை.

ஜூலை 13, அதே நாள்

பார்த்தேன். இரண்டு தடவை. சாதாரண வேகத்தில்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தொடையின் வெளிப்பக்கம்தான் பத்திரம். பிட்டத்தில் சதை கம்மி, நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. அது இடுப்பில் இருந்து கால் நுனி வரை போகிற நரம்பு. தவிர்க்க முடியாமல் போட்டால் துணியை முழுசாக இறக்கி, முழு இடத்தையும் பார்த்த பிறகுதான் நாலாகப் பிரிக்க வேண்டும். 14-வது நிமிடத்தில் அக்கா சொல்கிறார்: "தூங்குற பிள்ளைக்குத் தெரியாமப் போட்டுரலாம்னு நினைக்காதீங்க. ஊசி உள்ள இருக்கும்போது முழிச்சு உதறும். எழுப்புங்க. சொல்லுங்க. ஒருத்தர் பிடிச்சுக்கங்க. அப்புறம் போடுங்க." 19-வது நிமிடத்தில்: "வீட்டுல போடவே போடாதீங்க. மருந்து ஒத்துக்காமப் போச்சுன்னா காப்பாத்த ஒங்ககிட்ட என்ன இருக்கு?"

அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினேன். 'என் தோழி ஒருத்தி' என்று ஆரம்பித்தேன். நீளமாக எழுதினேன். உடனே பதில் வந்தது. 'உங்க அன்புக்கு நன்றி. புது வீடியோ ஒவ்வொரு ஞாயிறும். லைக் பண்ண மறக்காதீங்க.' எல்லாருக்கும் தானாகப் போகிற பதில். அதை எழுதிக் கொடுத்ததே எங்கள் அட்மின் குழுதான்.

ஜூலை 14, திங்கள்

இன்று லித்திகாவுக்கு மூன்று குத்து. ரத்தம் ஒரு தடவை. ட்ரிப் ஊசி அடைத்துக்கொண்டதால் வேறு கையில் இரண்டு தடவை. அழுகிற சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. மூன்றாவதுக்கு வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

நான் வார்டுக்குள் இருந்தால் அவள் தூங்குவதில்லை. இதை நர்ஸ் கண்டுபிடித்தார். "நீ வெளிய இரும்மா, ஒன்னைப் பாத்துக்கிட்டே கெடக்கு" என்றார். வராந்தாவில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாளாம்.

சாயங்காலம் டாக்டர் நஸ்ரின் மாரீஸ்வரி அக்காவிடம் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"போலியோ மாதிரி தெரியலம்மா. ஆனா எதனாலன்னும் தெரியல. சில பேருக்குக் காய்ச்சலுக்கு அப்புறம் நரம்புல வியாதி வரும். கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும். மூச்சு வரைக்கும் ஏறுச்சுன்னா கஷ்டம். நாளைக்குக் காலையில முதுகெலும்புல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணும். தேவைப்பட்டா அதுக்கான மருந்த ஆரம்பிச்சிருவோம். அது சின்ன மருந்து இல்ல."

மாரீஸ்வரி அக்கா தலையாட்டியது. டாக்டர் போனதும் குழாயடிக்குப் போனது. நானும் போனேன்.

"அக்கா, சொல்லிருவோம்."

"என்னத்த?"

"புதன்கிழமை."

"வாய மூடு." தூக்குவாளியைக் கழுவிக்கொண்டே இருந்தது. அது முதலிலேயே சுத்தமாக இருந்தது. "போலீசு அது இதுன்னு ஒன்னைய இழுத்துட்டுப் போவாக. ஒங்கம்மா தூக்குல தொங்கும். அவரு வந்தா என்னைய வெட்டுவாரு, தறிக்குப் போற அவசரத்துல புள்ளய ஒருத்திகிட்ட விட்டியான்னு. சொன்னா மட்டும் காலு தூக்கிருமா?"

"முதுகுல ஊசி போடப் போறாங்கக்கா."

"டாக்டரு போடுறாக. அவுகளுக்குத் தெரியும்."

அது என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்ன பிறகு குழாயை மூட மறந்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

காலை எட்டரைக்கு நர்ஸ் தட்டைக் கொண்டுவந்தார். பச்சைத் துணி மூடியிருந்தது. ஒருவர் லித்திகாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முட்டியை நெஞ்சோடு சேர்த்து இறாலைப் போல வளைத்துப் பிடித்தார். பாதம் அவர் கைக்கு வெளியே தொங்கியது.

டாக்டர் நஸ்ரின் கையுறை போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "டாக்டர், ஊசி போட்டிருக்கு. இடுப்புல" என்றேன்.

"யாரு?"

"நான்."

மாரீஸ்வரி அக்கா, "அவ சும்மா ஒளறுறா டாக்டர்" என்றது.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். பிடித்திருந்தவரிடம் விடச் சொன்னார். "நீ யாரு? நர்ஸா?"

"இல்ல. மெடிக்கல் ஷாப்ல நிக்கேன்."

"எங்க படிச்ச?"

"யூட்யூப்ல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"எங்க போட்டன்னு காட்டு."

நான் என் இடுப்பில் தொட்டுக் காட்டினேன்.

"ஒம்மேல இல்லம்மா. பாப்பா மேல."

லித்திகா அருகில் போனேன். விரலை நீட்டினேன், தொடவில்லை. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கட்டையாக்கினாள். விரல் எங்கே நிற்கிறது என்று நானே அப்போதுதான் பார்த்தேன். பிட்டத்தின் நடுவில், கொஞ்சம் கீழே.

"மேல வெளிப்பக்கந்தான போடணும்? இதுவா அது?" என்றார் டாக்டர்.

"தூங்கிக்கிட்டு இருந்தா. எழுப்பினா அழுவான்னு. ஜட்டியக் கால் பக்கமா மேல தூக்கினேன். முழுசா எறக்கல. தெரிஞ்ச எடத்த மட்டும் நாலாப் பிரிச்சேன்."

"முழிச்சாளா?"

"ஆமா. காலை உதறினா. ஊசி உள்ள இருந்துச்சு. நான் பாதி மருந்த அப்புறந்தான் தள்ளினேன்."

கடைசி வாக்கியத்தை நான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை. உதறியதும் எடுத்திருக்கலாம். மருந்து வீணாகிவிடும் என்று தள்ளினேன்.

டாக்டர் லித்திகாவின் பாதத்தின் மேல்புறத்தைப் பஞ்சால் தடவினார். பிறகு வெளிப்பக்கத்தை. பிறகு இடது காலை. "தெரியுதா? இது?" லித்திகா இடது காலுக்கு மட்டும் தலையாட்டினாள். டாக்டர் நேற்றும் இதைச் செய்தார். இன்று வேறு மாதிரி பார்த்தார்.

"தட்ட எடுத்துட்டுப் போங்க சிஸ்டர். இன்னைக்கு வேணாம்."

படிவத்தில் இருந்த வரியை அடித்துவிட்டு மேலே எழுதினார். என் பெயர், வயது, ஊர். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். "பெரிய டாக்டர் வந்ததும் அவர்கிட்டயும் இதே மாதிரி சொல்லணும். ஒண்ணும் விடாம" என்றார்.

"கால் சரியாகுமா டாக்டர்?"

"தெரியாது. நரம்பு வளரணும். மாசக்கணக்காகும். சில பிள்ளைகளுக்கு முழுசா வரும். சில பேருக்கு வராது." கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணு தெரிஞ்சிருச்சு. மேல ஏறாது" என்றார்.

மாரீஸ்வரி அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து லித்திகாவின் ஜட்டியைச் சரிசெய்தது. டாக்டர் போன பிறகு பேசியது.

"ஒன்னையக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு நான் மூணு நாளாப் பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ ஒரு நிமிசத்துல என்னைய பொய்க்காரி ஆக்கிட்ட."

"அக்கா."

"பஸ்ஸுக்குக் காசு இருக்குல்ல. கெளம்பு."

ஜூலை 17, வியாழன்

காளிராஜ் அண்ணன் மதுரைக்கே நேராகப் போய்விட்டு இன்று ஊர் வந்தார். அம்மா கதவைச் சாத்தினாள். அவர் தட்டவில்லை. வாசலில் நின்று பேசினார். நான் திறந்தேன்.

"நடப்பாளா?"

"தெரியாதுண்ணே."

"ஒனக்கு என்னதான் தெரியும்."

கேள்வி மாதிரி இல்லை. போய்விட்டார்.

கடை ஓனர் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சுகாதாரத் துறையில் இருந்து இரண்டு பேர் வந்து, படிப்பு இல்லாமல் இனி யாருக்கும் ஊசி போட மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். மேற்கொண்டு நடவடிக்கை இருக்கலாம் என்றார்கள். தெருவில் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள். அம்மா இன்னும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் டி.டி. போட்ட தன் கையை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள்.

ரசிகர் குழு அட்மினில் இருந்து விலகினேன். ஏன் என்று கேட்டார்கள். நெட் சரியில்லை என்றேன்.

ஜூலை 24, வியாழன்

லித்திகா வீட்டுக்கு வந்துவிட்டாள். காலில், பாதம் விழாமல் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை. மலச் சோதனை முடிவு: போலியோ இல்லை. எதிர்வீட்டில் கதவைத் திறந்தார்கள்.

ஜூலை 28, திங்கள்

காலை ஆறு மணிக்கு மாரீஸ்வரி அக்கா லித்திகாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. பதினெட்டு நாளாகத் தறிக்குப் போகவில்லை. இன்றும் போகாவிட்டால் தறி இல்லை.

"குதிகாலப் பிடிச்சு, பாதத்த முட்டியப் பாக்கத் தள்ளணும். பத்து எண்ணணும். அது மாதிரி பத்துத் தடவை. காலையில, மத்தியானம், சாயங்காலம். டாக்டரு காமிச்சுக் குடுத்தாக." பாயில் உட்கார வைத்தது. "காலையில நான் பண்ணிட்டேன். மத்தியானம் ஒண்ணு பாக்கியிருக்கு. நீதான பண்ண, நீயே பாரு."

"என்கிட்ட இருப்பாளாக்கா?"

"வேற யாரு இருக்கா?"

மத்தியானம் காலைத் தொட விடவில்லை. அம்மா பண்ணினாள். நான் சமையலறையில் நின்று எண்ணினேன்.

ஜூலை 29, செவ்வாய்

தொட விடவில்லை.

ஜூலை 30, புதன்

விடவில்லை. ஒரு தடவை என் பக்கம் காலை நீட்டினாள். நான் கையைக் கொண்டுபோனதும் இழுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

அவளே எண்ணினால் விடுவாளாம். ஏழு வரைதான் தெரியும். ஏழுக்குப் பிறகு பதினொன்று, பிறகு இருபது. சரி என்றேன். ஒவ்வொரு தடவையும் இருபது என்று சொன்னதும் விட்டுவிட வேண்டும். விட்டேன். குதிகால் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. சாத்துக்குடியைவிடச் சின்னது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கட்டைவிரல் அசைந்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நான் சொன்னால் யார் நம்புவார்கள் என்பது ஒரு காரணம். எனக்கே நம்பிக்கை இல்லை என்பது இன்னொன்று.

ஆகஸ்ட் 23, சனி

மாரீஸ்வரி அக்காவும் பார்த்திருக்கிறது. "அசையுதுடி" என்றது. ஜூலைக்குப் பிறகு என்னை 'டி' போட்டது இன்றுதான்.

செப்டம்பர் 8, திங்கள்

கால் பலம் குறைந்ததிலிருந்து அறுபதாம் நாள் பரிசோதனை. ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வேறொரு டாக்டர் வந்திருந்தார். பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். இரண்டு விரல் உயரம் தூக்கினாள். நடக்கும்போது இன்னும் தட்டுகிறது. படிவத்தில் 'பலவீனம் உள்ளது' என்ற கட்டத்தில் டிக் செய்தார். ஆறு மாதத்துக்குப் பயிற்சியை நிறுத்தக் கூடாது என்றார். காளிராஜ் அண்ணன் "அதுக்கப்புறம்?" என்று கேட்டார். "பாப்போம்" என்றார் டாக்டர்.

ரெஜினா சிஸ்டர் அட்டையைப் புரட்டிவிட்டு, "அஞ்சு வயசு ஆயிருச்சே. ஊசி ஒண்ணு பாக்கி இருக்கு. புதன்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார்.

மாரீஸ்வரி அக்கா லித்திகாவின் காதைப் பொத்தியது. தாமதமாகத்தான்.

செப்டம்பர் 10, புதன்

லித்திகா வர மாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மாரீஸ்வரி அக்கா, "வெளையாட்டுக்குப் போறோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருவோமா" என்று கேட்டது. நான் வேண்டாம் என்றேன். தரையில் உட்கார்ந்து சொன்னேன்: ஊசி இருக்கு. கையில. வலிக்கும். ரெஜினா சிஸ்டர் போடுவாங்க. நீ முழிச்சுக்கிட்டுதான் இருப்ப.

"நீ போடக் கூடாது."

"போட மாட்டேன்."

"நீ வரணும்" என்றாள். பிறகு, "கையக் காட்டிக்கிட்டே வரணும்."

சுகாதார நிலையத்தில் பெஞ்சில் பதினைந்து பிள்ளைகள். லித்திகா அவள் அம்மா மடியில் நேராக உட்கார்ந்தாள். ஒரு கையை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் விட்டு, இன்னொரு கையை மாரீஸ்வரி அக்கா பிடித்துக்கொண்டது. அவள் கால்களைத் தன் முட்டிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டது. ரெஜினா சிஸ்டர் சட்டைக் கையைத் தோள் வரை மடக்கினார். இடத்தை விரலால் தொட்டு, "இங்க" என்று லித்திகாவிடம் சொன்னார். நான் எதிரில் இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை விரித்து நின்றேன். வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு பிள்ளை தானும் கையைத் தூக்கியது.

லித்திகா ஊசியைப் பார்க்கவில்லை. சிஸ்டரைப் பார்க்கவில்லை. என் கைகளையே பார்த்தாள். போட்டபோது உதடு கோணியது, இரண்டு பாதமும் துள்ளின. வலது பாதம் எவ்வளவு தூக்கியது என்று பிறகு மாரீஸ்வரி அக்கா காட்டியது. நான் பார்க்கவில்லை. என் கண் அவள் கண்ணில் இருந்தது.

"முடிஞ்சிருச்சு பாப்பா" என்றார் சிஸ்டர். "அரை மணி நேரம் இங்கயே உக்காந்திருங்க. எதுவும் பண்ணலைன்னா போலாம்."

மாரீஸ்வரி அக்கா, "கைய எறக்குடி, வலிக்கப் போவுது" என்றது.

நான் லித்திகாவைப் பார்த்தேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

எதிரிலேயே உட்கார்ந்து, அரை மணி நேரம் கையை இறக்காமல் இருந்தேன்.